நாளைக்கும் மிச்சம் வைத்த கணக்காளர்

ஜனவரி 30 என்றதும் நம் நினைவுக்கு வருபவர் காந்தியடிகள். 1948ஆம் ஆண்டு அந்த நாளில்தான் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1960ஆம் ஆண்டு அதே ஜனவரி 30 அன்று, நம் மதுரையில் இன்னொருவர் கண்மூடினார். அவர் தமிழர், கிறிஸ்தவர், காந்தியப் பொருளாதார அறிஞர் என்று நாடு அறிந்தவர். தம் கடைசி ஆண்டுகளை மதுரைக்குத் தென்மேற்கே டி. கல்லுப்பட்டியின் கரிசல் மண்ணில் கழித்தவர். அவர்தான் ஜே. சி. குமரப்பா.

சுற்றுச்சூழல் என்ற சொல் இன்று எல்லா மேடைகளிலும் ஒலிக்கிறது. குமரப்பா வாழ்ந்த காலத்தில் அந்தச் சொல்லை யாரும் அதிகம் பேசவில்லை. ஆனாலும் மண்ணையும் நீரையும் காட்டையும் காப்பது எப்படி என்று, கையில் பேனாவும் கணக்குப் புத்தகமும் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சொல்லிவந்தார் அவர். இயற்கையைக் காப்பது முதலில் நேர்மையாகக் கணக்கு எழுதுவதில் இருக்கிறது என்பதே அவர் வாழ்க்கை நமக்குத் தரும் பாடம். அந்த வாழ்க்கையைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

தஞ்சாவூரிலிருந்து நியூயார்க் வரை

1892ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை சாலமோன் துரைசாமி கொர்னேலியஸ் அரசின் பொதுப்பணித்துறையில் பணியாற்றியவர். தாய் எஸ்தர் ராஜநாயகம் பக்தியும் இரக்கமும் மிகுந்தவர். ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த, வசதியான, ஆங்கிலேய நடையுடை பாவனைகளில் ஊறிய குடும்பம் அது.

இளைஞர் ஜோசப் லண்டனுக்குச் சென்று கணக்குத் தணிக்கை படித்தார். முதல் உலகப்போர் நடந்த ஆண்டுகளிலும் அங்கேயே இருந்தார். பிறகு தாயின் விருப்பத்துக்கு இணங்கித் தாய்நாடு திரும்பி, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். கை நிறைய வருமானம், மேல்நாட்டு உடை, மேல்தட்டு நட்பு என்று வாழ்க்கை வசதியாக ஓடியது.

1927இல் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்றபின், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் படித்தார். அந்நாள்களில் ஓர் ஆலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றி உரையாற்றினார். அந்தச் செய்தியைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆராயப் புகுந்தவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. இந்தியாவின் வறுமை விதியால் வந்ததன்று; ஆங்கில ஆட்சியின் வரிகளும் செலவுகளுமே இந்த நாட்டை உறிஞ்சி எடுத்திருந்தன. எழுத வேண்டிய கணக்கு ஒன்று எழுதப்படாமலே கிடந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு கணக்காளர்!

சபர்மதியில் ஒரு திருப்பம்

1929இல் இந்தியா திரும்பியவர், தம் ஆய்வைக் காந்தியடிகளிடம் காட்ட விரும்பி, மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டுத்துணியில் தைத்த மேல்நாட்டு உடையோடு நடந்துபோனவர், ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், ஒரு முதியவர் இராட்டை சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். சந்திக்கும் நேரம் இன்னும் ஆகவில்லை என்பதால் நின்று வேடிக்கை பார்த்தார். அந்த முதியவர்தான் தாம் தேடி வந்தவர் என்று தெரிந்ததும், தம் உடையைப் பற்றிய கவலையை விட்டு அதே மண்தரையில் உட்கார்ந்தார். அமர நாற்காலி வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

அன்று அமர்ந்தவர் வாழ்நாள் முழுவதும் மண்ணைவிட்டு எழவேயில்லை என்று சொல்லலாம். கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுக் குமரப்பா என்ற குடும்பத்தின் பழைய பெயரை ஏற்றுக்கொண்டார். பம்பாய் வருமானத்தைத் துறந்தார். திருமணம் செய்துகொள்ளாமல் எளிய மக்களுக்கே தம் வாழ்வைக் கொடுத்தார்.

காந்தியடிகள் அவரிடம் ஒப்படைத்த முதல் பெரிய வேலை, குஜராத்தின் கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவின் பொருளாதார ஆய்வு. குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். உழவன் என்ன விளைவிக்கிறான், என்ன செலுத்துகிறான், கடைசியில் அவன் கையில் என்ன நிற்கிறது என்று கணக்கெடுத்தார்.

1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது, நிவாரண நிதியின் கணக்குப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஏழைகளுக்காக வந்த பணத்தில் ஒரு காசுகூட வேறு வழியில் போகக் கூடாது என்பதில் மிகக் கண்டிப்பாக இருந்தார். காந்தியடிகளோடு வந்தவர்களின் சாப்பாட்டுச் செலவைக்கூட அந்த நிதியில் எழுத மறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். கடுமையானவர், எளிதில் சமாதானம் ஆகாதவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஆனால் அந்தக் கடுமை முழுவதும் பிறர் பொருளைக் காப்பதற்காகவே இருந்தது.

சிறையில் பிறந்த சிந்தனை

1934 இறுதியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் உருவானபோது குமரப்பா அதன் செயலாளரானார். வார்தா நகரின் மகன்வாடி அவருடைய பணித்தளமாயிற்று. விடுதலைப் போராட்டத்துக்காகப் பலமுறை சிறை சென்றார். 1942 போராட்டத்தை ஒட்டிய சிறைவாசத்தில், ஜபல்பூர் சிறையில் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை எழுதினார். இறையியல் டாக்டர் என்றும் கிராமத் தொழில் டாக்டர் என்றும் அன்போடு அவருக்குப் பட்டங்களும் சூட்டினார்.

ஒரே சிறையில், ஒரே மனிதர், ஒரே காலத்தில் இந்த இரண்டையும் எழுதினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஜெபம் ஒரு பக்கம், சந்தை இன்னொரு பக்கம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் அதைச் செய்த மனிதரும் அதைத் தந்த மண்ணும் இருக்கின்றன. அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியில் நமக்கும் பங்கு உண்டு என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

நிலைத்த பொருளாதாரம் பற்றிய அந்த நூலில், மனிதர் பிழைக்கும் வழிகளை இயற்கையிலிருந்தே எடுத்த ஐந்து உதாரணங்களால் விளக்கினார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தனக்கு உணவு தந்த உயிரையே அழித்துவிடுகிறது. மாந்தோப்பில் புகும் குரங்கு, நடவும் இல்லை, நீர் ஊற்றவும் இல்லை. பறித்துத் தின்றுவிட்டுப் போகிறது. கூடு கட்டும் பறவை தன் உழைப்பால் வாழ்கிறது. தேனீ தனக்காக மட்டும் உழைக்காமல் கூட்டுக்காகச் சேர்க்கிறது. குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை எந்தக் கைம்மாறும் எதிர்பார்ப்பதில்லை. மனிதன் புலி நிலையிலிருந்து தாய் நிலைக்கு ஏறிவர வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி.

தேங்கிய செல்வமும் ஓடும் செல்வமும்

இயற்கையின் செல்வங்களை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாதுக்கள் ஆகியவை தேங்கிய செல்வம். எடுக்க எடுக்கக் குறையும், மறுபடி ஊறாது. ஓடும் நீர், வளரும் காடு, ஆண்டுதோறும் விளையும் பயிர் ஆகியவை ஓடும் செல்வம். அளவோடு எடுத்தால் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்கும். தேங்கிய செல்வத்தை நம்பி வாழும் சமுதாயம், அது குறையும்போது பிறர் வீட்டில் கைவைக்கும். அதனால் போர் வரும் என்று எச்சரித்தார். எண்ணெய்க்காக உலகம் கண்ட போர்களை நினைத்தால், அந்த எச்சரிக்கையின் உண்மை விளங்கும்.

வட்டி வருமானத்தில் குடும்பம் நடத்துபவர் நிம்மதியாக இருப்பார். முதலையே எடுத்துச் செலவு செய்துவிட்டு அதை வருமானம் என்று எழுதிக்கொள்பவர் ஒருநாள் தெருவுக்கு வருவார். இதைத்தான் ஒரு கணக்காளரின் கண்ணோடு குமரப்பா பார்த்தார்.

நம் மதுரையையே எடுத்துக்கொள்வோம். மழையை நம்பிய இந்தச் சமவெளிக்கு நம் முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு கண்மாய். ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால், அந்த நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். அது ஓடும் செல்வம். இன்று தல்லாகுளம், சொக்கிகுளம், பீபீகுளம் என்று பெயர்களில் குளம் இருக்கிறது. இடத்தில் கட்டடம் இருக்கிறது. கண்மாயை இழந்த நாம் ஆழ்துளைக் கிணற்றை நம்புகிறோம். மேல் ஊற்று மழைக்கு மழை நிரம்பும். பல நூறு அடி ஆழத்தில் பாறை இடுக்கில் கிடக்கும் நீர் அவ்வளவு சீக்கிரம் நிரம்புவதில்லை. அதை எடுத்துப் புல்வெளிக்கும் கார் கழுவவும் ஊற்றும்போது, நம் பிள்ளைகளின் முதலை எடுத்து நாம் செலவு செய்கிறோம்.

மேலூர் அருகே அரிட்டாபட்டியில் நடந்ததும் நமக்கு நினைவிருக்கிறது. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அந்தப் பகுதியை உள்ளடக்கிய இடத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க 2024இல் ஏலம் முடிந்தது. சுற்றுவட்டார மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. ஒருமுறை தோண்டி எடுத்தால் தீர்ந்துபோகும் தாதுவா, ஆண்டுதோறும் நீர் தரும் மலையும் சுனையும் கண்மாயுமா என்ற கேள்வி அங்கே எழுந்தது. குமரப்பா சிறையில் எழுதிய கணக்கை, அவர் பெயரைச் சொல்லாமலே அந்த மக்கள் போட்டுக் காட்டினார்கள்.

சொன்னதைச் செய்து காட்டியவர்

குமரப்பா வெறும் பேச்சோடு நிற்கவில்லை. மகன்வாடியில் கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு எனப் பல கிராமத் தொழில்கள் நடந்தன. வெளியிலிருந்து வரும் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கும் அங்கே உருவாயிற்று.

நம் பனைமரத்துக்காகவும் அவர் பேசினார். கரும்புக்கு நல்ல நிலமும் நிறைய நீரும் வேண்டும். பனையோ தரிசிலும் வரப்பிலும் தானே வளரும். பனையிலிருந்து வெல்லம் எடுத்தால், நல்ல நிலத்தை உணவுப் பயிருக்கு விடலாம் என்பது அவர் கணக்கு. எவ்வளவு எளிய உண்மை!

மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தர வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். சாணம், இலைதழை, வீட்டுக் கழிவு, மனிதக் கழிவு உட்பட எல்லாவற்றையும் முறைப்படி மக்கவைத்து உரமாக்கச் சொன்னார். மாட்டுக்கும் மண்ணுக்கும் போக வேண்டிய பிண்ணாக்கை ஏற்றுமதி செய்வதைக் கண்டித்தார். மண்ணை ஆராயாமல் இரசாயன உரம் கொட்டுவதையும், உழவு மாட்டை ஒழித்து டிராக்டரைக் கொண்டுவருவதையும் எதிர்த்தார். காட்டை வருமானத்துக்கான மரக்கிடங்காகப் பார்க்காமல், நீரையும் மண்ணையும் காக்கும் அரணாகவும், ஏழைகளின் தேவைக்குத் துணையாகவும் பார்க்க வேண்டும் என்றார். ஓர் ஊருக்கு என்னென்ன உணவு எவ்வளவு தேவை என்று பார்த்து, அதற்கேற்ப நிலத்தைப் பயிர்களுக்குப் பிரித்துக்கொள்ளும் திட்டமும் தந்தார்.

விடுதலைக்குப்பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1949இல் அதன் அறிக்கை வெளிவந்தது. ஆனால் நாடு பெரிய ஆலைகளின் பாதையில் போகத் தொடங்கியிருந்தது. டெல்லியில் ஆட்சியில் இருந்த பழைய நண்பர்களுக்கு அவர் பேச்சு கசந்தது. பதவி தேடாத குமரப்பா மெல்ல ஒதுங்கினார்.

கல்லுப்பட்டியின் குடிசை

உடல்நலம் குன்றியது, இரத்த அழுத்தம் அவரை வாட்டியது. 1950களில் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். லண்டனையும் நியூயார்க்கையும் பார்த்தவர், வானம் பார்த்த கரிசல் பூமியில் ஓர் எளிய குடிலில் குடியேறினார்.

வினோபா பாவே பூதான யாத்திரையாகத் தமிழகம் வந்தபோது அந்தக் குடிலுக்கு வந்தார் என்றும், அங்கே காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழை உழவரின் படமும் இருப்பதைக் கண்டார் என்றும் சொல்வதுண்டு. காந்தியடிகள் தம் தலைவர் என்றும், இந்த உழவர் தம் தலைவருக்கும் தலைவர் என்றும் குமரப்பா விளக்கினாராம். அவருடைய பொருளாதாரம் முழுவதும் அந்த இரண்டு படங்களில் அடங்கிவிடுகிறது.

அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1973இல், சிறியதே அழகு என்ற புகழ்பெற்ற நூலை ஷூமாக்கர் வெளியிட்டார். அதில் குமரப்பாவின் கருத்துகளை எடுத்துக்காட்டியிருந்தார். நம் வீட்டுக்காரரை வெளிநாட்டார் சொல்லி உலகம் கேட்டது.

அவர் சொன்ன எல்லாமே அப்படியே நடந்திருக்க வேண்டும் என்று நாம் வாதிட வரவில்லை. 1960களின் பஞ்ச நாள்களில் புதிய விதைகளும் உரமும் பாசனமும் பலர் பசியைத் தீர்த்தன என்பதை மறுக்க முடியாது. டிராக்டர் வேண்டாம் என்று இன்று எந்த உழவரிடமும் போய்ச் சொல்லவும் முடியாது. ஆனால் அந்த விளைச்சலுக்கு நிலத்தடி நீரும் மண்ணின் உயிரும் கொடுத்த விலையை நாம் கணக்கில் எழுதவில்லை. அந்த விடுபட்ட வரியைத்தான் குமரப்பா முன்பே சுட்டிக்காட்டினார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் நம் பொதுவான இல்லமாகிய பூமியைப் பற்றித் திருமடல் எழுதியபோது, ஏழைகளின் கூக்குரலையும் பூமியின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொன்னார். கல்லுப்பட்டிக் குடிலில் இருந்த அந்த உழவர் படம் சொன்னதும் அதுவேயன்றோ?

நாம் என்ன செய்யலாம்?

மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. குமரப்பாவின் வழியில் சில காரியங்களை நம் வீட்டிலும் அன்பியத்திலும் பங்கிலும் தொடங்கலாம்.

முதலாவது, கணக்கு எழுதுவோம். ஒரு மாதம் மட்டும் நம் வீட்டுக்கு எத்தனை குடம் தண்ணீர், எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை பை குப்பை என்று ஒரு நோட்டில் குறிப்போம். எழுதிப் பார்த்தால் கை தானாகவே சுருங்கும். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால், அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பான தணிக்கையாளர்களாக இருப்பார்கள்.

இரண்டாவது, மழையைப் பிடிப்போம். தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. அன்று போட்ட குழாயும் குழியும் இன்று எந்த நிலையில் இருக்கின்றன? ஐப்பசி மழைக்கு முன்பே மொட்டைமாடியைப் பெருக்கி, குழியைத் தூர்வாரி, புது மணலும் சரளையும் இடுவோம். ஆலயக் கூரையும் பள்ளிக் கூரையும் எவ்வளவு பெரியவை! அவற்றில் விழும் மழை சாக்கடைக்குப் போகக் கூடாது.

மூன்றாவது, மண்ணுக்குத் திருப்பித் தருவோம். காய்கறித் தோலும் உதிர்ந்த இலையும் குப்பைத்தொட்டிக்கு உரியவை அல்ல. இரண்டு பழைய மண்பானைகள் போதும். ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றொன்றைப் பயன்படுத்தலாம். பங்கு வளாகத்தில் இலைதழைகளைக் கொளுத்தாமல் ஒரு மூலையில் உரக்குழி வெட்டலாம்.

நான்காவது, திருவிழாக்களைத் தூய்மையாக்குவோம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. ஆனாலும் நம் அன்பின் விருந்துகளில் அவை தலைகாட்டுகின்றன. வாழை இலையும் எவர்சில்வர் தம்ளரும் நமக்குப் புதியவை அல்லவே! கல்லறைத் திருநாளில் பிளாஸ்டிக் மாலைகளைத் தவிர்த்துப் பூக்களை மட்டும் வைப்போம். ஐயாயிரம் பேர் உண்டபின் மீதித் துண்டுகளைச் சேர்த்துவைக்கச் சொன்ன ஆண்டவரின் விருந்தில், எதுவும் வீணாகவில்லை.

ஐந்தாவது, பக்கத்து மண்ணில் விளைந்ததை வாங்குவோம். கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் குதிரைவாலி விளைகிறது. அதற்கு நெல்லைப்போல் தண்ணீர் வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் குதிரைவாலிச் சோறும் கம்பங்கூழும் நம் வீட்டில் வேகட்டும். காப்பியில் கருப்பட்டி சேரட்டும். நாம் வாங்கினால்தான் அந்த உழவரும் பனைத்தொழிலாளரும் அந்தத் தொழிலில் நிலைப்பார்கள்.

ஆறாவது, பனை விதைப்போம். பனம்பழம் விழும் ஆவணி, புரட்டாசியில் இளையோர் கொட்டைகளைச் சேர்த்துக் கண்மாய்க் கரைகளில் ஊன்றலாம். ஊர்க்காரர்களையும் உரிய அலுவலர்களையும் கலந்துகொண்டு செய்வது நல்லது. இன்று ஊன்றுகிறவர் பதநீர் குடிக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒருவேளை அவருடைய பேரப்பிள்ளைகளே குடிப்பார்கள். தாய்ப்பறவையின் பொருளாதாரம் என்று குமரப்பா சொன்னது இதைத்தான்.

பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு மன்னா பொழிந்தபோது, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்தவர்களுக்குக் குறைவில்லை. பேராசையால் சேர்த்து வைத்ததோ புழுத்து நாறியது. இறைவன் ஓடும் செல்வமாகத் தந்ததை நாம் தேக்கவும் பறிக்கவும் முயலும்போதெல்லாம் இதுவே நடக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 30 அன்று காந்தியடிகளை நினைக்கும் நாம், மதுரை மண்ணில் கண்மூடிய இந்தக் கிறிஸ்தவத் தமிழரையும் நினைப்போம். வாழ்நாளெல்லாம் பிறர் பணத்துக்குக் கணக்குக் கேட்டவர் அவர். இறைவன் நம்மிடம் ஒப்படைத்த மண்ணுக்கும் நீருக்கும் ஒருநாள் நம்மிடமும் கணக்குக் கேட்கப்படும். அன்று காட்டுவதற்கு, நிரம்பிய ஒரு கண்மாயும் அதன் கரையில் சில பனைகளுமாவது நம் பிள்ளைகளுக்கு மிச்சம் இருக்கட்டும்.